திறந்த சிப்பிக்கு வேலை இல்லை

எங்கள் ஆழிமுத்து மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில் ஓர் ஆளை வேலைக்கு எடுக்கும்போது, அந்த ஆளுக்கு அந்த வேலை தெரியுமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் நிறுவனர் ஐயாவின் ஆன்மாவை அவமதித்த குற்றம். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிர்வாக விதிகளில் முதல் விதியே அதுதான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மேலே வந்த சிப்பிகளைக் கரையில் குவியல் குவியலாகப் போட்டு மூடியபடியே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது ஏலம் எடுத்தவன் தலையெழுத்து. திறந்து பார்த்துவிட்டு விலை சொல்கிற பேச்சே கிடையாது. எங்கள் நிறுவனர் ஐயா அப்படி ஒரு குவியலை, பக்கத்தில் நின்றவர்கள் "கோட்டி பிடிச்சிருக்கா வே உமக்கு?" என்று கேட்கக் கேட்க ஏலத்தில் எடுத்தார். அதில் கிடைத்த முத்துகளை விற்றுத்தான் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினார். கட்டி முடித்ததும் ஒரு விதி போட்டார்: "மூடின சிப்பியைத்தான் எடுக்கணும்." அதாவது, ஓர் ஆள் தன் வேலையைச் செய்து காட்டிவிட்டால் அவன் திறந்த சிப்பி. அவனுக்கு இங்கே நிரந்தர வேலை கிடையாது.

அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் பாட்டு டீச்சர் வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். வேன் டிரைவரை எடுத்தபோது அவரை வண்டியில் ஏறவே விடவில்லை. சேர்ந்த அன்று காலையில் வண்டியைக் கிளப்பியவர், நேரே மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். நான் மட்டும் என்ன யோக்கியம்? படித்தது வணிகவியல், நடத்துவது புவியியல். பூமி உருண்டை என்பது வரைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் காலத்தில் ஏலம் எடுத்த சிப்பியை அழுகப் போட்டுத்தான் முத்து எடுப்பார்களாம். எங்கள் பள்ளியில் அழுகப் போடுவதோடு சரி.

என் பெயர் ஜீவமணி. நிர்வாகக் குழுவில் நான் ஆசிரியர் பிரதிநிதி. கூட்டத்தில் மக்ரூன் இனிப்புத் தட்டை யார் பக்கம் நகர்த்த வேண்டுமோ அவர் பக்கம் நகர்த்துவது என் பொறுப்பு.

இப்படிப்பட்ட இடத்துக்குள் ஜோன்ஸ் அவசரத்தில் நுழைந்தவன். கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் திடீரென்று மகள் வீட்டோடு வெளிநாடு போய்விட, "ஆள் வர்ற வரைக்கும் பையன்களை ஓட விட்டுக்கிட்டு இரு" என்று ஜோன்ஸைத் தற்காலிகமாகப் பிடித்துப் போட்டார்கள். அதுவரை கோல் போடுவது எதிரணியின் உரிமை என்றே எங்கள் பையன்கள் நினைத்திருந்தார்கள். ஜோன்ஸ் வந்த பிறகு அவர்களும் போட ஆரம்பித்தார்கள். மாவட்டப் போட்டியில் கோப்பை கூட வாங்கினார்கள். அந்தக் கோப்பையை எங்கே வைப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வழக்கமே இல்லாததால் வைப்பதற்கு அலமாரியும் இல்லை. கடைசியில் கேன்டீனில் கரண்டி போட்டு வைத்தார்கள்.

இந்த வருஷம் தலைமைப் பயிற்சியாளர் வேலையை நிரந்தரமாக நிரப்பப் போகிறார்கள் என்றதும் ஜோன்ஸ் என்னைத் தேடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஜீவமணி சார், இந்த வேலை கிடைக்கலைன்னா எனக்குக் கப்பல்தான். மச்சான் ஏற்பாடு பண்ணிட்டாரு. ஒம்பது மாசம் சார்! எனக்குக் கடல் ஒத்துக்கிடாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். ஊருக்கே தெரியும். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லோரும் கப்பலில் போன குடும்பத்தில், படகைப் பார்த்தாலே குமட்டுகிற ஒரே ஆள் இவன்தான். கல்யாணமான புதிதில் மாமனார் ஆசையாகப் படகில் ஏற்றிக் கொண்டுபோக, கரை மறைவதற்குள் மாமனார் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டான். அந்த மனிதர் புதுவேட்டி கட்டியிருந்தார்.

"வீட்டுல என்ன சொல்லுதாங்க?" என்று கேட்டேன்.

"ஏஞ்சலின்கிட்ட, ஒம்பது மாசமும் வாந்தி எடுத்துக்கிட்டே வேலை பாக்க முடியுமாளான்னு கேட்டேன் சார். நாங்க எடுக்கலையான்னு கேக்கா."

ஏஞ்சலினையும் குற்றம் சொல்ல முடியாது. தற்காலிகம் தற்காலிகம் என்றே பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்துவிட்டது. நிரந்தர வேலை, இல்லாவிட்டால் கப்பல் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"திறந்த சிப்பின்னு சொல்லிருவாங்களோ சார்?" என்றான் ஜோன்ஸ்.

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்ல" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

நேர்காணல் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள நிர்வாகத்தின் இரண்டு கட்சிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று உப்புக் கட்சி. அதன் தலைவர் எங்கள் தாளாளர் ஞானதீபம், உப்பள முதலாளி. மழை பெய்தால் ஊரெல்லாம் லீவு விடும். மழை என்று ஒன்று பெய்வதையே ஒப்புக்கொள்ளாத இவர் எங்களுக்கு மட்டும் விடமாட்டார். மற்றது கப்பல் கட்சி. அதன் தலைவர் துணைத்தலைவர் ஃபிராங்க்ளின், கப்பல் ஏஜென்ட். மேஜையில் ஒரு பித்தளைக் கப்பல் வைத்திருப்பார். பேசும்போது அதைக் கையில் எடுத்து ஓட்டிக்கொண்டே பேசுவார். உப்பு மேற்கே உட்கார்ந்தால் கப்பல் கிழக்கே உட்காரும். நடுவில் பிரின்சிபால் ஜெயஷீலா மேடம். "ரெண்டு பேர் சொல்லுறதும் சரிதான், ஆனா நான் சொன்னதா எடுத்துக்கிடக் கூடாது" என்பது அவர் வழக்கமான தீர்ப்பு.

உப்புக் கட்சியின் வேட்பாளர் ஜாபேஸ், ஞானதீபத்தின் மனைவியுடைய அண்ணன் மகன். கப்பல் கட்சியின் வேட்பாளர் ரெஜிஸ், ஃபிராங்க்ளினின் அக்கா மகன். மூன்றாவது ஆள் ஜோன்ஸ். அவனுக்கு எந்தக் கட்சியும் இல்லை.

மற்ற இடங்களில் நேர்காணல் என்றால் நம் ஆளுக்கு வேலை தெரியும் என்று காட்டுவார்கள். எங்கள் பள்ளியில் எதிராளியின் ஆளுக்கு வேலை தெரியும் என்று நிரூபித்தால் போதும், அவன் ஒழிந்தான். ஆகவே ஜாபேஸ் வந்து உட்கார்ந்ததும் ஃபிராங்க்ளின் வலை வீசினார்.

"தம்பி, ஆஃப்சைடுன்னா என்ன?"

ஞானதீபம் மேஜையைத் தட்டினார். "ஆட்சேபிக்கேன்! சிப்பிக்குள்ள கத்தியை விடுதாரு!"

"பயப்படாதீங்க மாமா" என்றான் ஜாபேஸ். "கடைக்கு லீவு விடுறதுதானே சார்?"

உப்புக் கட்சி எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அந்தப் பையனைப் பார்த்தால் நடிப்பதாகத் தெரியவில்லை. பிறகு ரெஜிஸ் வந்தான்.

"ஒரு டீமுக்கு எத்தனை பேருப்பா?" என்று ஞானதீபம் குழைந்து கேட்டார்.

ரெஜிஸ் யோசித்தான். "அது கிரவுண்டு எவ்வளவு பெருசுங்கறதைப் பொறுத்தது அங்கிள்."

ஃபிராங்க்ளின் கண்களில் நீர் முட்டியது. பித்தளைக் கப்பலை மேஜையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "என் ரத்தம்" என்றார்.

வாயால் பொய் சொல்லலாம், கால் பொய் சொல்லாது என்று யாரோ கிளப்பிவிட, ஒரு பந்தைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் காலடியிலும் உருட்டிப் பார்ப்பதென்று முடிவானது. பந்து வந்ததும் ஜாபேஸ் இரண்டு கையாலும் எடுத்து, "மேடம், உங்க பந்து கீழே விழுந்துட்டு" என்று பிரின்சிபாலிடம் கொடுத்தான். ரெஜிஸ் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டு, "ஐயோ, புதுச் செருப்பு!" என்றான். இரண்டு கட்சியும் ஒன்றையொன்று முறைத்தன. இரண்டும் சுத்தமாக மூடின சிப்பிகள். குறை சொல்ல இடமில்லை.

அப்போதுதான் ஜோன்ஸ் உள்ளே வந்தான். தேய்த்த சட்டை போட்டிருந்தான். போதாக்குறைக்கு மாவட்டப் போட்டியில் வாங்கிய மெடலைக் கழுத்தில் தொங்கப் போட்டிருந்தான். கோட்டிப்பயல்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஞானதீபம் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"முத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டே ஏலத்துக்கு வாரான் பாருங்க வே!"

அந்த நேரம் பார்த்துப் பந்து உருண்டு வந்தது. ஜோன்ஸ் அதைப் பார்க்கக்கூட இல்லை. கால் தானாக நீண்டது, பந்தை நிறுத்தியது, நுனியால் ஒரு தட்டுத் தட்டி முழங்காலுக்கு ஏற்றியது, அங்கிருந்து மேஜைமேல் மக்ரூன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது. ஒரு மக்ரூன் கூட நசுங்கவில்லை.

ஜெயஷீலா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு நல்ல பையன், இப்படித் திறந்துபோயிட்டானே" என்றார்.

ஞானதீபம் எழுந்து ஜோன்ஸின் தோளில் கைவைத்தார். "தம்பி, நீ நல்லாத்தான் சொல்லிக் குடுக்க. இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அதுதான் உன்கிட்ட உள்ள குறை. நம்பிக்கைன்னா என்ன? ஒண்ணும் தெரியாத ஆள்கிட்ட வைக்கது பாரு, அதுதான் நம்பிக்கை. தெரிஞ்ச ஆளைத் தெரிஞ்ச வேலைக்கு வைக்கதுக்கு எதுக்குடே ஒரு நிர்வாகம்? எவனும் வச்சிருவானே! நாங்க எதுக்கு இருக்கோம்?"

"கரெக்ட்" என்றார் ஃபிராங்க்ளின். அவர் ஞானதீபத்துக்குக் கரெக்ட் சொல்லி நான் கேட்டதே இல்லை. "ஜெயிக்கிறதை யாரு வேணும்னாலும் ஜெயிச்சிட்டுப் போகலாம். ஸ்கூலுக்குன்னு ஒரு பாரம்பரியம் இருக்குல்லா?"

ஜோன்ஸ் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தான். "சார், எனக்கு ஃபுட்பாலைத் தவிர வேற எந்த எழவும் தெரியாது சார்" என்றான்.

ஃபிராங்க்ளின் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேற எதுவுமேவா?"

"சத்தியமா சார்."

"கணக்கு?"

"வராது சார்."

"கடல்?"

"கடலா? படகைப் பார்த்தாலே வாந்தி வரும் சார்."

இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளியில் கடற்பயிற்சிப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஃபிராங்க்ளின் கம்பெனி கழித்துக் கட்டிய ஒரு பைபர் படகு அதற்கு இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த திரேஸ்புரத்து மீனவருக்குப் படகு நன்றாக ஓட்டத் தெரியும் என்பதால் அவரைக் கடைசிவரை நிரந்தரமாக்காமல் விரட்டிவிட்டார்கள். அந்த நாற்காலி காலியாக இருந்தது.

"இவ்வளவு இறுக்கமா மூடின சிப்பியை என் ஆயுசுல பாத்ததில்ல" என்றார் ஞானதீபம், உண்மையான பக்தியோடு.

இப்படியாக ஜோன்ஸ் கடற்பயிற்சித் தலைவர் ஆனான். உடனே நிரந்தரம் இல்லை. ஆண்டுச் சோதனை வரைக்கும் பார்ப்பார்கள். அதற்குள் எதுவும் கற்றுக்கொள்ளாமல் இருந்தால் நிரந்தரம். கற்றுக்கொண்டுவிட்டால் வெளியே. ஏஞ்சலின் தன் அண்ணனிடம், அந்தக் கப்பல் வேலையை அதுவரை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவைத்தாள்.

கால்பந்துக்கு? இரண்டு சிப்பியும் சமம் என்பதால் மைதானத்தைப் பாதியாகப் பிரித்தார்கள். மேற்குப் பாதிக்கு ஜாபேஸ் தலைமைப் பயிற்சியாளர். கிழக்குப் பாதிக்கு ரெஜிஸ் தலைமைப் பயிற்சியாளர். பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் அதிகாரம் கைமாறும். ஓடிக்கொண்டிருக்கிற பையன் கோட்டில் ஒரு நொடி நின்று, புதிய பயிற்சியாளருக்குக் குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இதன்படி ஓர் ஆட்டம் நடந்தது. நானும் போய்த் தொலைத்தேன். இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறும் என்பது எங்கள் பயிற்சியாளர்களுக்குத் தெரியாது. கிழக்கு கோலைக் காப்பாற்றுவதுதான் ரெஜிஸின் உத்தியோகம். அதனால் அங்கே வந்து நின்ற எதிரணிக்குத் தொண்டை கிழிய யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம்.

தோல்வியைப் பற்றி விவாதித்த நிர்வாகம், குறை பயிற்சியாளர்களிடம் இல்லை, பையன்களிடம்தான் என்று கண்டுபிடித்தது. அவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஆடிக் காட்டிய பையன்கள். திறந்த சிப்பிகள்! ஆகவே பழைய அணியை மொத்தமாக நீக்கிவிட்டு, பந்தைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளாகப் பொறுக்கிப் புது அணி அமைத்தார்கள். நீக்கப்பட்ட பையன்கள் அத்தனை பேரும் நேரே போய் ஜோன்ஸின் கடற்பயிற்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

பாதிப்பேர் திரேஸ்புரத்துப் பிள்ளைகள். நடக்கப் பழகியதே படகில்தான். சனிக்கிழமை காலையில் அவர்களே எஞ்சினைக் கிளப்பி, அவர்களே ஓட்டி, முயல் தீவுக் கரைக்குப் போவார்கள். கடற்பயிற்சித் தலைவர் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடப்பான். கரை தட்டியதும் எழுந்து, வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, விசிலை ஊதுவான். அப்புறம் வெயில் ஏறும்வரை அந்த மணலில் பந்துதான். ஒருநாள் நானும் கூடப் போனேன். வெறுங்காலோடு அந்தப் பையன்கள் ஆடியதையும், இவன் நடுவில் நின்று கத்திக்கொண்டே சிரித்ததையும் பார்த்தபோது எனக்கே சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஏம்டே இப்படிக் குடலை வெளிய எடுத்துக்கிட்டு வந்து ஆடணுமா?" என்றேன்.

"குடலு போனாப் போகுது சார். அங்கன பந்து இருக்குல்லா" என்றான்.

ஆனால் பாருங்கள், மனுஷ உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. வாராவாரம் போகப் போக வாந்தி குறைந்தது. ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எஞ்சினைத் தொட்டான், பையன்கள் சொல்லிக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டுவிட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஏஞ்சலின் அவன் சட்டையை வாங்கி மோந்து பார்த்தாளாம்.

"இன்னைக்கு எடுக்கலையா?"

"இல்லளா. கொஞ்ச நாளாவே வரலை. இப்ப நானேதான் ஓட்டுதேன்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"ஐயோ மாதாவே, வேலை போச்சே!" என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பயந்தபடியே நடந்தது. ஜோன்ஸுக்குப் படகு ஓட்டத் தெரிந்துவிட்டது என்று ஜாபேஸ் தன் மாமா ஞானதீபத்திடம் போட்டுக்கொடுத்தான். ஆண்டுச் சோதனைக்கு நிர்வாகமே நேரில் கடலுக்குப் போவதென்று முடிவாயிற்று. வாந்தி எடுத்தால் நிரந்தரம். நிமிர்ந்து நின்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

அன்று காலை ஏஞ்சலின் புருஷனுக்குப் பழைய மீன் குழம்பை ஊற்றி, அதன்மேல் ஒரு செம்பு பாலும் கொடுத்திருந்தாள். அவன் இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். அவள் கையில் ஜெபமாலையோடு கரையில் வந்து நின்றாள். "மாதாவே, என் புருஷனுக்கு வாந்தி வரணும், நல்லபடியா வரணும்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டிருந்தாள். பையன்களைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஞானதீபம், ஃபிராங்க்ளின், ஜெயஷீலா மேடம், ஆசிரியர் பிரதிநிதியாக நான், ஓட்டுவதற்கு ஜோன்ஸ். படகு புறப்பட்டது.

கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஃபிராங்க்ளின் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கப்பலை எந்த நாட்டுக்கு அனுப்பினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜோன்ஸ் முகத்தைச் சுளித்து, தொண்டையைக் காறி, வயிற்றைப் பிசைந்து, என்னென்னவோ செய்து பார்த்தான். ஒரு ஏப்பம் கூட வரவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

கொஞ்சம் வெளியே போனதும் அலை மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. ஃபிராங்க்ளின் பேச்சு நின்றது. முகம் பச்சைத் தேங்காய் நிறத்துக்கு வந்தது. "எஞ்சினை நிப்பாட்டு, ஆட்டம் தாங்கல" என்றார். ஜோன்ஸ் நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தினால் படகு இன்னும் ஆடும் என்பது கப்பல் ஏஜென்டுக்குத் தெரியாது. தெரிந்தால்தானே! அத்தனை வருஷமும் கப்பல்களை அனுப்பிவைத்த மனுஷன் ஒரு நாளும் ஒரு படகிலும் ஏறியதில்லை என்பது அப்போது வெளியே வந்தது. காலையில் சாப்பிட்ட இடியாப்பத்தோடு வந்தது.

அதைப் பார்த்து ஞானதீபம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கவில்லை. அவரும் குனிந்துவிட்டார். ஜெயஷீலா மேடம் வழக்கம்போல எந்தக் கட்சியையும் சாராமல், ஒருதரம் இந்தப் பக்கமும் ஒருதரம் அந்தப் பக்கமுமாக எடுத்தார்.

"திருப்புலே! கரைக்குத் திருப்பு!" என்று ஃபிராங்க்ளின் அலறினார்.

ஜோன்ஸ் எஞ்சின் கயிற்றைப் பிடித்தான். உடனே விட்டுவிட்டான்.

"சார், நான் திருப்பினா எனக்குப் படகு ஓட்டத் தெரியும்னு ஆயிரும். திறந்த சிப்பின்னு என்னைய அனுப்பிருவிய. எனக்குப் பிள்ளை இருக்கு சார். தெரியாதுன்னு சொன்னா இங்கனயே கிடக்கணும். நான் இப்ப என்ன செய்யணும்? எது வேணும்னு நீங்களே சொல்லுங்க சார்."

சத்தியமாக அவன் அவர்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. மெய்யாகவே புரியாமல்தான் கேட்டான். அழுகிற மாதிரி இருந்தான்.

"விதின்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார் ஞானதீபம். மிச்சத்தைக் கடல் வாங்கிக்கொண்டது.

"சவத்து விதி!" என்றார் ஃபிராங்க்ளின். "அவனுக்குத் தெரியும்லா வே? தெரிஞ்சவன் ஓட்டட்டுமே! எவன்வே தெரியாதவன் கையில உயிரைக் குடுப்பான்?"

"பிள்ளைகளைக் குடுக்கோமே சார்" என்றேன் நான். எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. ஆசிரியர் பிரதிநிதியாக நான் பேசிய முதல் பேச்சு அதுதான். மூன்று பேருக்கும் மறுப்பதற்கு வாய் காலியாக இல்லை.

ஒரு பெரிய அலை தூக்கியது. ஞானதீபம் படகின் ஓரத்தைக் கட்டிக்கொண்டு, "சரிடே, தெரிஞ்ச ஆளை வேலைக்கு வைக்கலாம், தீர்மானம் பாஸ்!" என்றார். ஜெயஷீலா மேடம் கையைத் தூக்கினார். இந்தத் தரம் அவர் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

ஜோன்ஸ் கயிற்றைத் திரும்பவும் பிடித்தான். இழுக்கவில்லை.

"சார், இது ஃபுட்பாலுக்கும் செல்லுமா சார்?"

"செல்லும்!"

"நிரந்தரமாவா சார்?"

"நாளைக்கே ஆர்டர் அடிக்கச் சொல்லுதேன், இழு கயித்த, செத்த மூதி!"

இழுத்தான். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. நின்றுகொண்டே படகைத் திருப்பி, அலையை ஒதுக்கி ஒதுக்கி, அலுங்காமல் கொண்டுவந்து கரையில் சேர்த்தான். அவன் அப்பா கூட அப்படி ஓட்டியிருக்க மாட்டார்.

கரையில் ஏஞ்சலின் முதலில் கண்டது, சட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் நேராக நின்று வருகிற புருஷனைத்தான். அவ்வளவுதான், ஜெபமாலையை நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஜோன்ஸ் குதித்து இறங்கி ஓடினான். அவனுக்குப் பின்னால் நிர்வாகத்தார் மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக இறக்கினோம், நானும் பையன்களுமாக.

"ஏளா, அழாத ளா" என்றான். அவனுக்கும் மூச்சு முட்டியது, சிரிப்பும் முட்டியது. "நீ கேட்டபடியே வாந்தி வந்துட்டு. எனக்கு இல்ல, நிர்வாகத்துக்கு."